இட்லித் தட்டில் பன்னிரண்டு புழு

சம்பங்கிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பற்றிக்கொண்டு வரும். காரணம், மனைவியின் தம்பி வேலு. பூதிகோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் ஆண்டர்சன்பேட்டைக்கு வந்து இறங்குவான். கறிக்குழம்பில் பாதியைக் காலி பண்ணுவான். அப்புறம், தன் நிலத்தில் தொள்ளாயிரம் அடி போர்வெல் போட்ட கதையை ஆரம்பிப்பான். சம்பங்கியின் அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜில் இறங்கி எட்டாயிரம் அடி ஆழத்தில் ஷிஃப்ட் பார்த்தவர். அவர் பிள்ளையிடமே ஆழத்தைப் பற்றிப் பெருமையா? என்ன கொழுப்பு!

இனி ஒரு ஞாயிறும் வீட்டில் இருப்பதில்லை என்று சபதமே எடுத்துவிட்டார் மனுஷன். தோதாக, ஓடைகளைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைவர் தேடிக்கொண்டிருந்தார் காலேஜ் லெக்சரர் ஜெயசீலி. ஞாயிறுதோறும் ஓடையில் இறங்கி, மேஃப்ளைப் பூச்சியின் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல தண்ணீரில்தான் அது பிழைக்கும். புழுவைச் சரியாக அடையாளம் சொல்பவர்தான் தலைவர். அவர் காட்டுகிற ஓடைதான் ஓடை. ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

ஜெயசீலி வீட்டுக்கே வந்து சோதிக்கப்போகும் அன்று காலை, மனைவி பாக்யலட்சுமி அடுப்படியில் கத்தினாள்.

"இன்னாங்க இது! இட்லித் தட்டுல புழு நெளியுது!"

"தொடாதடி! ஓடைல புடிச்சாந்து, தண்ணி ஊத்திக் குழிக்கு ஒண்ணா பிரிச்சு வச்சிருக்கேன்."

"வேற தட்டே கெடைக்கலையா ஒங்களுக்கு? இனிமே இதுல எப்டி இட்லி ஊத்தறது?"

"இட்லியா முக்கியம்? இது சயின்ஸ்! கரப்பானப் பாத்தாலே அலர்றவளுக்கு இன்னா தெரியும்?"

"அது இன்னா ஞாயித்துக்கெழம மட்டும் சயின்ஸ்? என் தம்பி மூஞ்சியப் பாக்க ஆவல, அதானே?"

"ஆமாண்டி! ஆவல! போ!"

பாக்யலட்சுமியின் முகம் சிவந்தது. இட்லியை விட்டுவிட்டு உப்புமாவுக்கு ரவை வறுக்கப் போனாள். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் முதல் ஜெயம் என்று சம்பங்கிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஜெயசீலி வந்தார். பதினோரு குழி சரியாகப் போயிற்று. பன்னிரண்டாவதில் சம்பங்கி லென்ஸை வைத்துக் குனிந்தார்.

"வால் ரெண்டுதான். மேஃப்ளைக்கு மூணு இருக்கணும். இது ஸ்டோன்ஃப்ளை, வேற பூச்சி. டவுட்டே இல்ல மேடம்."

"மூணாவது வாலு ஒடிஞ்சிருக்கு" என்றாள் காப்பியோடு வந்து நின்ற பாக்யலட்சுமி. "வயித்துக்கு ரெண்டு பக்கமும் செவுளு ஆடுது பாருங்க மேடம். கால்ல நகமும் ஒண்ணு ஒண்ணுதான். ஸ்டோன்ஃப்ளைன்னா ரெண்டு ரெண்டு இருக்கும்."

"ஒனக்கு எவன்டி சொன்னான்?" என்று எகிறினார் சம்பங்கி.

"ஒங்க புக்குதான். மத்தியானம் அத மூஞ்சி மேல கவுத்துட்டுக் கொறட்ட விடுறீங்களே, அப்ப எடுத்துப் படிச்சேன்."

ஜெயசீலி லென்ஸில் பார்த்தார். நிமிர்ந்து, பாக்யலட்சுமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதாம்மா தலைவி! எந்த ஓடைன்னு சொல்லுங்க."

சம்பங்கிக்குக் காது மடல் சுட்டது. சொந்த வீட்டில், சொந்தப் புழுவால் அவமானம்! பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு லாபம் இருந்தது. இவள் ஓடைக்குக் கிளம்பிவிட்டால் வேலுவுக்கு யார் ஆக்கிப் போடுவது? வரமாட்டான், தொலைந்தான்.

பாக்யலட்சுமி காப்பியை நீட்டினாள்.

"பூதிகோட்டைல என் தம்பி நெலத்தாண்ட ஓடுற ஓடைதான் மேடம். வலைய எங்க வீட்டுக்காரரு புடிப்பாரு. வேலுகிட்ட நேத்தே போன்ல பேசிட்டேன், வாராவாரம் சனிக்கெழமயே வந்து தங்கிக்கச் சொல்லிட்டான்."