கம்ப்யூட்டருக்குப் போட்ட சாக்ஸ்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது மனைவியை ஏமாற்றிவிடுவது என்று கிடங்கு மேற்பார்வையாளர் தீர்மானித்தபோது அவர் காலில் ஒரு சாக்ஸ்தான் இருந்தது. இன்னொன்றைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்குள் திணித்திருந்தார்.

அவருடைய கார் பந்தய விளையாட்டுக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். விளையாட்டுக்கு என்று வாய் திறந்தால் என்ன பதில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அதே கம்ப்யூட்டரில்தான் மனைவி ஒரு மரச்சாமான் கடைக்குச் சமையலறை அலமாரிகள் வரைந்து கொடுக்கிறாள். கார்டின் விசிறியைச் சாக்ஸ் பிடித்து நிறுத்திவிட்டால், கடிதம் அடிப்பது போன்ற சின்ன வேலைக்கு ஒன்றும் ஆகாது. பளபளப்பும் நிழலுமாகப் பெரிய படம் போடும்போது சூடேறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். பதறிப்போய் அவளே கார்டு வாங்குவாள்.

அணைந்தது. அவள்தான் பதறவில்லை.

"என்னங்க, மறுபடியும் அணைஞ்சிடுச்சு."

"கார்டு போயிடுச்சும்மா. புதுசு வாங்க வேண்டியதுதான்."

"திறந்து பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க? தூசியா இருக்கலாமே?"

காரணம் தெரிந்த மனிதர், தெரியாதவரைப் போலத் தேடித்தான் ஆக வேண்டும். பெட்டியைத் திறந்து, முதுகால் சாக்ஸை மறைத்துக்கொண்டு தூசி தட்டினார்.

"அறை பூரா தூசியை வச்சுக்கிட்டு பெட்டியை மட்டும் துடைச்சு என்ன பிரயோஜனம்?" என்றாள்.

பரண், மின்விசிறி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்தார். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. அவள் படத்தைப் போட்டாள். அணைந்தது.

அடுத்த விடுமுறையில், "காத்துப் போக வழியில்லையோ என்னவோ. அந்த பீரோ தள்ளி இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அந்த பீரோவைத் தள்ளச் சொல்லி அவள் கேட்க ஆரம்பித்தது குடிவந்த அன்றைக்கு. இன்று தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் அணைந்தது.

"கரண்டு சரியா வரலையோ? சமையல்கட்டு ப்ளக் பாயிண்ட் ஆடுதே."

"சமையல்கட்டுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்கதானே எல்லாம் ஒரே லைன்னு சொன்னீங்க?"

எப்போதோ பெருமைக்குச் சொன்னது. ஆடிய ப்ளக் பாயிண்ட்டுகளை எல்லாம் முடுக்கிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட இவ்வளவு களைத்து அவர் பார்த்ததில்லை.

"என்னால முடியலம்மா. கார்டை வாங்கித் தொலைச்சிடுவோம். மரச்சாமான் கடைக்காரருக்கு நீ என்ன பதில் சொல்லுவே?"

"அவருக்கு என்ன? படமெல்லாம் போன வாரமே குடுத்துட்டேன்."

"எப்படி? அதான் அணைஞ்சிடுதே?"

"நீங்க வீட்ல இருந்தாத்தான் அணையுது."

அவள் உள்ளே போய்ச் சாக்ஸை எடுத்து வந்தாள். துவைத்து மடித்திருந்தது.

"காலையில நீங்க கிளம்பினதும் எடுத்துடுவேன். சாயங்காலம் பழையபடி வச்சிடுவேன். நேத்து துவைச்சுட்டதால திரும்ப வைக்கலை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் எதையும் தேட வேண்டாம் என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"பெட்டி சூடானதும் ஒரு வாசனை வந்துச்சு. தினமும் சாயங்காலம் வாசல்ல செருப்பு ஸ்டாண்டு பக்கம் வர்ற வாசனை. இத்தனை வருஷமா குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?"

அவர் மெல்லக் கையை நீட்டினார். அவள் சாக்ஸை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிருங்க. அடுத்த மாசம் திரும்ப உள்ள போடணும். பின்னறைக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலை."