ஓர் ஊரே சாட்சி சொன்ன மாப்பிள்ளை

பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் ஊரில் காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு வாய் வேண்டும். நானோ சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள். அப்படிப்பட்ட நான் போய் அமெரிக்காவை விசாரித்தேன்.

என் மகள் செல்விக்கு வந்த வரன் கீழ்பென்னாத்தூர்ப் பையன். அங்கே மளிகைக் கடை, டீக்கடை எல்லாவற்றிலும் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாகிவிட்டது. ஆனால் பையன் ஆறு வருடமாக அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறான். செல்விக்கு அவனைப் பிடித்துவிட்டது. என் நாத்தனார்தான், "விசாரிக்காம குடுக்க முடியாது" என்று ஒரே பிடியாக நின்றார்.

செங்கம் ரோட்டில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அமெரிக்க அம்மாள் லிண்டா, பல வருடமாக எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்துபோய்த் தமிழ் கற்றவர். ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அது நான் பொறந்த ஊர்!" என்று குதித்தார். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஊரின் ஜனத்தொகைக் கணக்கைக் கோடு கோடாகக் காட்டினார்.

"ஜனம் வருஷா வருஷம் கம்மி ஆகுது."

"ஏன், சாவு ஜாஸ்தியா?" என்றார் நாத்தனார்.

"இல்லை. மில் மூடியாச்சு. இளசுங்க சிட்டிக்குப் போச்சு."

"எல்லாரும் வெளிய போற ஊருக்கு இவன் மட்டும் ஏன் உள்ள போனான்?"

அடுத்த கோடு வருமானம். அது படுத்தே கிடந்தது. அதன்கீழே கலர் கலராக ஒரு வட்டம். வெள்ளையர் இவ்வளவு, கறுப்பர் இவ்வளவு, ஆசியர் இவ்வளவு.

"இதுல சாதி எங்க இருக்குது?"

"சாதி இல்லை. இனம்."

"அதத்தான் கேட்டேன்" என்றார் நாத்தனார். (அங்கேயும் ஆளைப் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி!) ஆசியர் துண்டு எலுமிச்சைத் தோல் மாதிரி மெல்லிசாக இருந்தது. "இதுல நம்ம ஜனம் எத்தினி பேரு?"

"ஒண்ணு" என்றார் லிண்டா. "அந்தப் பையன்தான்."

நாத்தனார் என் இடுப்பில் கிள்ளினார். "நீ பெத்தவ. நீ கேளுடி."

"பையன் எப்படின்னு... யார்கிட்டயாவது கேட்டு சொல்றீங்களா?" என்றேன். ரகசியமாக என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லிண்டா நேர்மையானவர். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்கும் போன் குழுவில் பையனின் போட்டோவைப் போட்டு, 'இந்தியாவில் ஒரு தாய் கேட்கிறார். இவர் குடிப்பாரா? காதலி உண்டா? சம்பளம் போதுமா?' என்று எழுதிவிட்டார். சின்ன ஊர். பொழுது போகாத ஊர் வேறு. மொத்தப் பேரும் பதில் போட்டார்கள். முடிவெட்டுகிறவர், 'ஒரு பீர், அதிலும் பாதி' என்றார். பக்கத்து வீட்டுக் கிழவி, 'என் வாசல் பனியையும் அவன்தான் தள்ளுகிறான்' என்றார். நூலகத்து அம்மாள், 'காதலி இல்லை, நாங்களே தேடிக்கொண்டிருக்கிறோம்' என்றார்.

லிண்டா அதையெல்லாம் படித்துச் சொல்ல, நான் பூரித்துப் போயிருந்தபோது பையனிடமிருந்து வீடியோ கால் வந்தது. நான் பிரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கினேன். செல்வி விடாமல் போனை அங்கேயே கொண்டுவந்து நீட்டினாள்.

"ஆன்ட்டி, பால் வாங்கப் போனா கடைக்காரம்மா, 'உன் மாமியார் பாக்கறாங்க, பீரை விட்டுடு'ங்கறாங்க. மேனேஜர் கூப்பிட்டு, 'சம்பளம் பத்தலியா?'ன்னு கேக்கறாரு."

"கெடுத்துட்டியேம்மா!" என்றாள் செல்வி. அவள் கண் கலங்கிவிட்டது.

"தப்பு பண்ணிட்டேன் தம்பி. என் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல. அவள வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றேன். அந்நிய ஆண்பிள்ளையிடம் என் வாழ்நாளில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"இந்த ஊர்ல என்னை யாருக்குமே தெரியாதுன்னு ஆறு வருஷமா நெனச்சிட்டிருந்தேன் ஆன்ட்டி" என்றான் அவன். "ஆனா, இப்ப பொண்ணைப் பத்தி அவங்க விசாரிக்கறாங்க. பனியில வண்டி ஓட்டுமா, அவங்கம்மா எப்பவும் இப்படித்தானான்னு."

கல்யாணம் நடந்தது. இப்போதும் மருமகன் போன் செய்தால், "அத்தை, ஊர்ல எல்லாரும் உங்களைக் கேட்டாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் ஒரே சிரிப்பு. மற்ற வீடுகளில் அது வெறும் மரியாதைப் பேச்சு. எங்கள் வீட்டில் அது ஜனத்தொகைக் கணக்கு.