பச்சையாய் வந்த படமும் வெள்ளைப் பல்ப்பும்

பலெர்மோ
12.10.1996

அன்புள்ள தங்கச்சி அம்பிகைக்கு,

அக்கா அன்னரத்தினம் எழுதுவது. கந்தன் எங்களை இந்தக் கடற்கரைப் பட்டினத்திலும் கைவிடவில்லை. ரொறன்ரோப் பனிக்குள் உங்களையும் விடமாட்டான். பேரன் கீர்த்திகன் பள்ளிக்கூட விழாவில் இத்தாலியப் பாட்டு ஒன்றைப் பிழையில்லாமல் சொல்ல, ரீச்சர் மேடையிலேயே கொஞ்சினவ. பேத்தி கேசிகா கணக்கியல் படித்து முடித்து இப்ப கோட்டிலை வழக்குப் பேசுற ஒரு அப்புக்காத்தின் கந்தோரில் வேலை. ரெலிபோனிலை கதைச்சால் பலெர்மோக்காரி எண்டே நினைக்கினம்.

நிற்க. அந்தப் பிள்ளைக்கு ஈரல் வருத்தமோ எண்டு உங்கை மாப்பிள்ளைப் பெடியன் விதுரன்ரை தாய் உன்னட்டைக் கேட்டதாய் எழுதியிருந்தாய். சம்பந்தம் பேச நான் அனுப்பின படத்திலை பிள்ளை பச்சையாய் இருக்கிறாளாம். ஓம், இருக்கிறாள்தான். பிழை பிள்ளையிலை இல்லை, பல்ப்பிலை. எங்கடை வீட்டிலை தோய்க்கிற மிசினும் அயன்பெட்டியும் ஒண்டாய்ப் போட்டால் கரண்ட் நிண்டுபோகும். மகன் சோதிலிங்கம், "அம்மா, இனிக் கரண்ட் குறைய இழுக்கிற புதுப் பல்ப் போடுவம்" எண்டான். வீட்டுக்குப் பெரியவள் நான் இருக்க வேறை ஆர் பார்த்துத் தெரிவு செய்யிறது? கேசிகாவையும் கூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் போனன். கடைக்காரன் மஞ்சள் வெளிச்சம் ஒண்டு, வெள்ளை வெளிச்சம் ஒண்டு எரிச்சுக் காட்டினான். "அப்பம்மா, மஞ்சளை எடுங்கோ, வெள்ளை ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு" எண்டாள். "உன்ரை அப்பன்ரை சட்டையெல்லாம் தோய்ச்சு வெளுத்தனான், வெள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லித்தாறியோ? பேசாமல் வா மோனை" எண்டு வெள்ளையையே வாங்கி வீடு முழுக்கப் பூட்டுவிச்சன். போட்டவுடனை மங்கலாய்த்தான் எரியும். சோறு போட்டுக் குழம்பு விடேக்கைதான் முழு வெளிச்சம் வரும்.

படம் எடுத்த அண்டைக்கும் நான்தான், "பிளாஷ் அடிச்சால் பிள்ளை கண்ணை மூடுவாள், உந்த வெளிச்சமே காணும்" எண்டு சோதிலிங்கத்தை மறிச்சன். கழுவி வந்த படத்தைக் கண்ணாடி போடாமல் பார்த்து, அந்தப் பச்சை அவளின்ரை சீலை நிறம் எண்டு நினைச்சு, அவன் வேலையாலை வர முன்னமே தபாலிலை போட்டன். அவள் உடுத்தது சிவப்புச் சீலை எண்ட நினைவு பிறகுதான் வந்தது. இந்த வெளிச்சத்திலை எடுத்தால் ஆரும் பச்சையாய்த்தான் வருவினமாம், படம் கழுவுறவன் இப்ப சொல்லுறான். படத்தின்ரை மற்றக் கொப்பியைப் பார்த்திட்டுக் கீர்த்திகன் "அக்கா தவக்கை, அக்கா தவக்கை" எண்டு கத்திக்கொண்டு தவளை மாதிரித் தத்தித் திரியிறான்.

அது கிடக்கட்டும். நீ அனுப்பின படத்திலை விதுரன் இஞ்சத்தைத் தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சளாய் இருக்கிறான். பெடியனுக்குச் செங்கமாரிக் காமாலையோ எண்டு நாங்கள் கேட்டனாங்களோ? அவையள் இன்னும் மஞ்சளாய் எரியிற பழைய குண்டுப் பல்ப்புத்தான் எரிக்கினம் போலை எண்டு மரியாதையாய்ப் பேசாமல் இருந்தம்.

கேசிகாவை வெய்யிலிலை நிப்பாட்டி எடுத்த புதுப்படம் இத்தோடை வைச்சிருக்கிறன். தாய்க்குக் காட்டி விளங்கப்படுத்து. பெடியனையும் வெளியாலை நிப்பாட்டி ஒரு புதுப்படம் எடுத்துக் கெதியாய் அனுப்பச் சொல்லு. உன்ரை வீட்டு விளக்கு எந்த நிறத்திலை எண்டாலும் நிறைவாய் எரியட்டும்.

அன்புடன் அக்கா,
அன்னரத்தினம்

பி.கு: உறையை ஒட்ட முன்னம் கேசிகா கடிதத்தை வாசிச்சுப்போட்டாள். புதுப்படத்தை உறைக்குள்ளாலை எடுத்தும்போட்டாள். தன்னைப் பச்சையாய்ப் பார்த்தும் பெடியன் ஓம் எண்டால் தனக்கும் ஓமாம். ஆனபடியால் மேலை எழுதினது ஒண்டையும் தாய்க்குச் சொல்லாதை; பெடியனை மட்டும் தனியக் கேள். அவன்ரை புதுப்படமும் வேண்டாம். அந்தத் தோடம்பழப் படத்தை அவள் எப்பவோ கைப்பைக்குள்ளை வைச்சிட்டாள்.