பயோடேட்டா தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள்

“உன்னப் பத்தி சொல்றதுக்கு இன்னா இருக்குது? பேரச் சொல்லு, அப்பன் பேரச் சொல்லு, ஊரச் சொல்லு. அதுக்கு மேல சொல்ல உங்கிட்ட இன்னா சரக்கு இருக்குது?”

நான் முதல் நேர்காணலுக்குக் கிளம்பியபோது என் பெரியப்பா கேட்ட கேள்வி இது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்வராயன் மலையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்ததோடு நிற்காமல் பி.எஸ்சி. வேதியியல் வரைக்கும் போனவள். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, கேட்டால் இன்னொரு முறையும் சொல்வேன். ஆனால் நேர்காணல் என்றால் என்ன என்று பெரியப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தவிர, அவர் பயோடேட்டாவைப் பார்த்ததில்லை.

பயோடேட்டா என்றால் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஒரு பெண், அது விடுதியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். கள்ளக்குறிச்சியில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி. தன்னைப் பற்றி, யாரும் கேட்காமல், இத்தனை பேருக்கு இவ்வளவு விவரம் சொன்ன ஆள் தமிழ்நாட்டில் இன்னொருத்தர் இருக்க முடியாது. ஆதார் அட்டைக்காரர்களுக்கே தெரியாத சங்கதிகள் கள்ளக்குறிச்சி ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரியும்.

நான் பெட்டியோடு அறைக்குள் நுழைந்த அன்று, “இந்தக் கட்டில் காலியா அக்கா?” என்றுதான் கேட்டேன்.

“வா வா. எனக்குப் புடிச்சது, மழை பேயும்போது பஸ்ல ஜன்னல் ஓரம். இப்ப செஞ்சுக்கினு இருக்கிற வேலை, இங்கேர்ந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் செவுத்துல எழுதியிருக்கிற எழுத்துப் பிழையெல்லாம் கணக்கெடுக்குறது. அரசியல் கேட்டீன்னா, மாநிலத்துல எந்தக் கட்சின்னு ஓட்டு மிஷினுகிட்ட மட்டும்தான் சொல்வேன். பஞ்சாயத்துல, தண்ணி ஒழுங்கா தொறந்து வுடுறவன் கட்சி. ஹாஸ்டல்ல மட்டும் எதிர்க்கட்சி. படிச்சுக்கினு இருக்கிறது ஒரு கொலைக் கதை, பாதிதான் கெடைச்சுது. அக்கான்னு கூப்பிடாத, உன் வயசுதான். நீ யாரு?”

“நான்... கெமிஸ்ட்ரி.”

“அது பாடம்டி. நீ யாரு?”

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கட்டில் காலியா என்ற கேள்விக்கும் கடைசிவரை பதில் வரவில்லை.

விடுதியில் எதிர்க்கட்சி என்று அவள் சொன்னது பேச்சுக்கு அல்ல. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று தட்டோடு எழுந்து ஒருநாள் வெளிநடப்பு செய்தாள். கட்சியில் மொத்தம் அவள் ஒருத்திதான் என்பதால் வெளிநடப்பு சட்டென்று முடிந்துவிட்டது. அன்றைக்கு வடை என்று யாரோ சொன்னதும் அவைக்குத் திரும்பிவிட்டாள். “கண்டனம் அப்படியேதான் இருக்குது, வடை வேற விஷயம்” என்று வார்டன் அம்மாவிடம் விளக்கமும் கொடுத்தாள்.

அவளுக்கு வேலை ஒரு செல்போன் கடையில். கண்ணாடி ஒட்ட வருகிறவர்களின் போன் அவள் கையில் இருக்கும். போனை விட்டுவிட்டு யாரால் ஓட முடியும்? கண்ணாடியில் ஒரு குமிழி இல்லாமல் ஒட்டுவதற்குள் வந்தவருக்கு அவளுடைய விருப்பம், வேலை, அரசியல், படிப்பு நான்கும் தெரிந்துவிடும். பிறகு, “நீங்க?” என்று நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு போர்வெல் லாரிக்காரர் அரை மணி நேரம் அங்கேயே நின்று, தனக்குச் சின்ன வயதிலிருந்து புல்லாங்குழல் கற்றுக்கொள்ள ஆசை என்று சொல்லிவிட்டுப் போனாராம். கூட வந்த அவர் மனைவிக்கே அது அன்றைக்குத்தான் தெரியுமாம்.

அந்தப் பாதிக் கொலைக் கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒருநாள் பஜ்ஜி மடித்து வந்த தாளில் ஒரு பக்கம் கதை இருந்தது. பங்களாவில் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார், தோட்டக்காரன் கையில் ஈர மண். அவ்வளவுதான், தாள் முடிந்துவிட்டது. இவள் எண்ணெய் படிந்த தாளோடு கடைக்கே போய் நின்றாள்.

“அண்ணே, இதோட மிச்சம் எங்க?”

“இன்னாம்மா, பஜ்ஜி கம்மியா இருந்துச்சா?”

“பஜ்ஜி கெடக்கட்டும், கொலை பண்ணது யாரு?”

கடைக்காரர் அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வியாபார மூளை வேலை செய்தது. “தாளு மட்டும் தர மாட்டேன். பஜ்ஜியோடதான் குடுப்பேன்.” அந்த மாதம் முழுக்க எங்கள் அறையில் சாயங்காலம் பஜ்ஜிதான். பக்கம் முன்னும் பின்னுமாக வரும், கட்டிலில் பரப்பி அடுக்குவோம். கடைசிப் பக்கம் மட்டும் வரவேயில்லை. அதில் மிளகாய் பஜ்ஜி கட்டி யாரோ கச்சிராயபாளையத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் துக்கத்தோடு சொன்னார். அந்த வழித்தடத்து கண்டக்டர்கள் எல்லாரிடமும் விசாரித்துப் பார்த்துவிட்டாள். கொலைகாரன் இன்றுவரை அகப்படவில்லை.

தேர்தல் சமயத்தில் வேட்பாளர் ஒருவர் விடுதி வாசலுக்கு வந்து கும்பிட்டார். “வணக்கங்க. நீங்க இப்ப இன்னா படிச்சுக்கினு இருக்கீங்க?” என்றாள். அவர் நோட்டீஸை நீட்டினார். வாங்கி நிதானமாகப் படித்தாள். “ஓட்டு அப்புறம் பாப்போம். ‘வேற்பாளர்’னு அடிச்சிருக்கீங்களே, தெரியுமா?” கூட வந்தவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, என் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. முதல் நேர்காணல் ஒரு தனியார் பள்ளியில், அடுத்தது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். இரண்டு இடத்திலும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார்கள். பேர் சொன்னேன், அப்பா பேர் சொன்னேன், ஊர் சொன்னேன். “அப்புறம்?” என்றார்கள். “அவ்ளோதான் சார்.” இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தலையை ஆட்டி அனுப்பிவைத்தார்கள்.

மூன்றாவதாகச் சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதுவும் கைவிட்டுப் போனால் குடகுக்கு மிளகு பறிக்கப் போகிற கூட்டத்தில் நானும் ஏற வேண்டும். பெரியப்பா வண்டியில் எனக்கும் இடம் சொல்லிவைத்துவிட்டார். மிளகு பறிப்பது கேவலமில்லை, என் அம்மா வருஷா வருஷம் பறிக்கிறாள். ஆனால் அவளே என்னிடம், “நீ அந்த வண்டியில ஏறிட்டீன்னா நான் எறங்கிருவேன்” என்று சொல்லியிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் பயோடேட்டா என்னைப் பழக்க ஆரம்பித்தாள். பழக்குவது என்றால், கண்ணில் படுகிற எவர் முன்னாலும் என்னைத் தள்ளிவிடுவது. முதல் பலி பஸ் ஸ்டாண்டு இளநீர்க்காரர்.

“அண்ணே, எனக்கு மரவள்ளிக் கிழங்கு பிடிக்கும்” என்று ஆரம்பித்தேன்.

“இங்க எளநி மட்டும்தான் பாப்பா. கெழங்கு அந்தாண்ட தள்ளுவண்டியில விக்கிறான்” என்று அவர் வழி காட்டினார்.

“பரவால்ல, நல்ல ஆரம்பம்” என்றாள் இவள். செய்துகொண்டிருக்கும் வேலை என்று சொல்ல ஒன்றுமில்லையே என்றேன். அடுத்த நாளே இரண்டு காலி பெயின்ட் டப்பாக்களை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். ஒன்றில் சாம்பல் போட்டு, ஒன்றில் போடாமல் மரவள்ளிக் குச்சி நட்டேன். எந்தக் குச்சி முதலில் துளிர்விடும் என்று வார்டன் அம்மாவே காலையில் மாடியேறிப் பார்க்கும் நிலை வந்தது.

அப்போதுதான் ஒருநாள் கேட்டேன். “ஊருக்கே எல்லாத்தையும் சொல்ற. உன் ஊர் எதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறியே?”

துணி மடித்துக்கொண்டிருந்தாள். “தியாகதுருகம் பக்கம்.”

“பக்கம்னா?”

“பாத்தியா, இப்டித்தான் ஆரம்பிக்கும். ஊர் பேரச் சொன்னா அடுத்தது எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெருவச் சொன்னா யார் வூட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஒன்னும் கேக்க மாட்டாங்க, மூஞ்சி மட்டும் மாறும். சின்னப் புள்ளயிலேர்ந்து பாத்துட்டேன். அதான் அவுங்க வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி நாலு விஷயத்த நானே சொல்லிடுறது. நடுவுல எடம் வுட்டாத்தானே கேப்பான்?”

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். எனக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. ‘ஓ, மலையா’ என்று என்னிடமும் இழுப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு அதைத் தாங்கினேன். இவள் வாயைத் திறந்து தாங்கியிருக்கிறாள்.

ஆலைக்கு அவளும் கூட வந்தாள். வாட்ச்மேன் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். மேலாளர் ஒருவர், ஆய்வகப் பொறுப்பாளரான ஒரு மேடம், இரண்டு பேர் இருந்தார்கள். “உங்களப் பத்திச் சொல்லுங்க” என்றார் மேலாளர்.

“எனக்குப் பிடிச்சது மரவள்ளிக் கிழங்கை உடைக்கிற சத்தம் சார்.”

“என்னது?”

“நல்லா மாவு பிடிச்ச கிழங்குன்னா டக்குன்னு உடையும். தண்ணி கோத்ததுன்னா சத்தமே வராது.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பெயின்ட் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். சாம்பல் போட்டது தோற்றுக்கொண்டிருக்கிறது என்ற உண்மையையும் சொன்னேன். அடுத்தது அரசியல். நடுவில் இடம் விடக்கூடாது என்று மட்டும் ஞாபகம் வந்தது.

“கிழங்கு லாரி வந்ததும் மாவு எவ்வளவு இருக்குன்னு தராசுல வெச்சுப் பாயிண்ட் பாக்குறீங்க. அதை வெச்சுத்தான் விலை. அந்தத் தராசு முள், கிழங்கு கொண்டுவந்தவங்களுக்கும் தெரியிற மாதிரி இருக்கணும் சார். அதான் என் அரசியல்.”

“எங்க ஆலையில தெரியலன்னு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல சார். உள்ள வரும்போது பாத்தேன். முள் செவுத்தப் பாத்துக்கினு இருக்குது.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். “யார் வூட்டுப் பொண்ணும்மா நீ?”

“அதைக் கடைசியில சொல்றேன் சார். இன்னும் படிக்கிறது ஒன்னு பாக்கி இருக்குது” என்று, பஜ்ஜித் தாளில் வந்த கொலைக் கதையை ஜமீன்தார் பிணத்திலிருந்து ஆரம்பித்தேன். மேடம் சிரிப்பை அடக்க இருமினார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, “தோட்டக்காரன்தாம்மா பண்ணியிருப்பான்” என்றார். மேலாளர், “இருக்காது, மருமகன்” என்றார். யார் வீட்டுப் பெண் என்பதை இருவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெளியே வந்தபோது வாட்ச்மேன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் பயோடேட்டா உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அரசியலில் யார் பக்கம் நிற்பது என்று ஒரே குழப்பம் வந்துவிட்டதாம்.

அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொல்லி போன் வந்தது. குடகு வண்டி நான் இல்லாமல் போனது. அம்மாவும் இறங்காமல் போய் வந்தாள். தராசு முள் இன்னும் சுவரைத்தான் பார்க்கிறது. வாரம் தவறாமல் மேடத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “கேளு, கேளு. நானும் மேல கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்கிறார்.

விடியற்காலை ஷிப்டுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து சேர முடியவில்லை என்பதால் சின்னசேலத்தில் அறை பார்க்கப் போகிறேன் என்று பயோடேட்டாவிடம் சொன்னேன். “போ, நல்லதுதான்” என்றாள். அன்று அவள் கடைக்கு வந்தவர்கள் கண்ணாடி ஒட்டிக்கொண்டு பேசாமல் திரும்பிப் போனார்களாம். அவளோடு வேலை செய்கிறவள் பதறிப்போய் எனக்கு போன் செய்து, “அவளுக்கு ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டாள்.

அறை கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாப்பு பக்கம்தான், அவள் கடைக்குப் போய்வர வண்டிக்குப் பஞ்சமில்லை. வருகிறாயா என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா ஒரு சாவிதான் கொடுத்தார். நேற்று கடைத்தெருவுக்குப் போய் இன்னொரு சாவி போட்டு வாங்கிவிட்டேன்.