அப்பாவின் மூன்றாவது குப்பி

மக்சூத்தின் அப்பாவுக்கு புராஸ்டேட்டே இல்லை என்றது இயந்திரம்.

"ஆம்பளைன்னா சிறுநீர்ல புராஸ்டேட் சுரக்கற பி.எஸ்.ஏ. புரதம் கொஞ்சமாவது இருக்கணும். இதுல பொட்டுக்கூட இல்லையே தம்பி" என்றார் ஆய்வுக்கூடத் தலைவி ரௌஷன். "யாரோடது?"

"அப்பாவோடது அக்கா."

"அப்ப நீ எப்படிப் பொறந்த?"

புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களின் சிறுநீரில் எந்தப் புரதம் எதோடு கூட்டுச் சேருகிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிற அந்த இயந்திரத்தில் எடைபோட்டுப் பார்ப்பது கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் அவர்கள் வேலை. கணினித் திரையில் அது வலையாக விரியும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆண்களும் வேண்டும். அப்பாவை மக்சூத் அதில் சேர்த்தது ஆராய்ச்சிக்காக அல்ல. கொஞ்ச நாளாக அவர் ராத்திரியில் எழுந்து எழுந்து போகிறார். ஆஸ்பத்திரி என்றால் காது கேட்காது. "ஆராய்ச்சிக்கு உதவி" என்று சொன்னதும்தான் தலையாட்டினார். மறுநாள் காலை அம்மா குப்பியைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள்.

மக்சூத் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டான். குழாய்களைக் கழற்றிக் கழுவி மறுபடி ஓட்டினான். மற்றவர்களின் மாதிரிகள் வரிசையில் தேங்கின. பி.எஸ்.ஏ. அப்போதும் இல்லை. இப்போது இயந்திரமும் முனகியது.

"உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு" என்றார் ரௌஷன். "வேற குப்பி வாங்கிட்டு வா."

சாப்பாட்டில்தான் கோளாறோ என்று அப்பாவுக்குக் குதிரைக்கறியையும் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலையும் நிறுத்தினான் மக்சூத். அப்பா அவனோடு பேச்சை நிறுத்தினார். இரண்டாவது குப்பி வந்தது. அதிலும் இல்லை. வலையின் நடுவில் இருக்க வேண்டிய புள்ளி காணாமல், மற்றவை தொங்கிக்கொண்டிருந்தன.

"இதை எடுத்துப் போட்டுடு தம்பி. ஒரு ஆள் குறைஞ்சா ஆராய்ச்சி ஒண்ணும் சாகாது."

"அந்த ஒரு ஆளுக்குத்தான் அக்கா நான் பார்க்குறேன்."

ரௌஷன் புதுக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினார். "கடைசித் தடவை" என்றார்.

மூன்றாவது குப்பியில் பி.எஸ்.ஏ. இல்லை. ஆனால் புதிதாக ஒன்று திரையில் கோபுரமாக எழுந்து நின்றது. ஹெச்.சி.ஜி. மருந்துக்கடைச் சோதனைக் குச்சியில் கர்ப்பத்துக்குக் கோடு காட்டுகிற அதே புரதம். ஆம்பளையிடம் அது வந்தால் சிரிக்க முடியாது. சிலவகைப் புற்றுக்கட்டிகள் அதைச் சுரக்கும்.

ரௌஷன் கேலி பண்ணவில்லை. அதுதான் மக்சூத்தைப் பயமுறுத்தியது. "வீட்டுக்குப் போ. இன்னைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லு" என்றார்.

வீட்டில் அப்பா தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். மக்சூத்தின் மனைவி குல்ஷாரா ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்புங்கப்பா. ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கென்ன கேடு?"

"கட்டியா இருக்கலாம். மூணு குப்பியும் சரியில்ல. மூணாவது ரொம்ப மோசம்."

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். காதுவரை சிவந்தார். "உங்கம்மாவைக் கேளு" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா சமையலறையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். மக்சூத் பின்னாலேயே போய் நின்றான்.

"அம்மா, மறைக்காம சொல்லு. அப்பாவுக்கு வேற என்ன பண்ணுது? மூணாவது குப்பியில இருந்தது சாதாரணமா ஆம்பளைக்கு வராது."

அம்மா உருட்டுக்கட்டையை நிறுத்தவில்லை.

"குப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறது ஆம்பளைக்கு வெக்கக்கேடாம். மொத ரெண்டும் என்னுதுடா. மூணாவதுக்கு எனக்கு வரல, குல்ஷாராகிட்ட வாங்கி ஊத்திக் கொடுத்தேன்."