விமானத்துக்குப் பெட்ரோல் போடாதவர்

விமானத்துக்குப் பெட்ரோல் போட மறுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்த்ததில்லை என்றால் அவர்கள் உங்களைப் பார்த்திருப்பார்கள். கடையில் நீங்கள் எந்த அட்டையைத் தேய்க்கிறீர்கள் என்று பின்னால் நின்று கவனித்திருப்பார்கள், பரிதாபப்பட்டிருப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் போயிருப்பார்கள். இல்லை, அது தவறு. ஒன்றும் சொல்லாமல் போவது அவர்களால் ஆகாத காரியம்.

அடிலெய்டில் எங்கள் வேலிக்கு அந்தப்புறம் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவர் வசிக்கிறார். பெயர் கிளைவ் நோஸ்கே. குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஓர் உலக வரைபடம், வரைபடம் முழுக்க நிறம் நிறமாகக் குண்டூசி. கோடையில் உள்ளே நாற்பத்திரண்டு டிகிரி வேகும். அங்கேதான் அவருடைய பகல் பொழுதெல்லாம் கழியும்.

இவர்கள் காசு கொடுத்து விமானச் சீட்டு வாங்குவதில்லை, பாயின்ட் கொடுத்து வாங்குவார்கள். கடன் அட்டையைத் தேய்த்தால் பாயின்ட், காருக்கு எண்ணெய் போட்டால் பாயின்ட், பாலும் ரொட்டியும் வாங்கினால் பாயின்ட். நாய்க்குக் காப்பீடு எடுத்தால் பாயின்ட் என்று ஒரு நாள் மின்னஞ்சல் வந்ததும் கிளைவ் போய் ஒரு நாய் வாங்கிவந்தார். நாய்க்கு போனஸ் என்று பெயர். ஒயின் வாங்கினால் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் பாயின்ட் என்றார்கள். பீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத அந்த மனிதர் மாதத்துக்கு இரண்டு பெட்டி ஒயின் தருவித்துக் கொட்டகையில் கூரைவரை அடுக்கினார். இப்படியாகச் சேர்த்தது ஒன்பது லட்சம் பாயின்ட்.

அதைக் கொண்டுபோய்ச் சீட்டுக் கேட்டால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். சில விமான நிறுவனங்கள், சீட்டு இலவசம்தான், எரிபொருளுக்கான கூடுதல் கட்டணத்தை மட்டும் கட்டிவிடுங்கள் என்று ஆளுக்கு அறுநூறு டாலர் கேட்கும். சில நிறுவனங்கள் கேட்காது. சில ஊர்களிலிருந்து புறப்பட்டால் குறையும், சில ஊர்கள் வழியாகப் போனால் மறைந்தே போகும். கேட்காத நிறுவனம், கேட்காத ஊர், காலி இருக்கை உள்ள நாள் மூன்றும் கூடிவரும் வழியைக் கண்டுபிடிப்பதுதான் இந்த இனத்தின் பிறவிப் பயன். ஏறினோம் இறங்கினோம் என்று நேராகப் போய்வருகிற நம்மைப் போன்றவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு உள்ளூர ஒரு துக்கம்.

“பார்பிக்யூவுக்கு வான்னு கூப்பிட்டுட்டு, கேஸ் சிலிண்டருக்குக் காசு வைன்னா நீ வைப்பியாப்பா?” என்று கேட்பார் கிளைவ்.

வைக்க மாட்டேன்தான். ஆனால் நோஸ்கே வீட்டு பார்பிக்யூவுக்கு அவரவர் தின்னும் சாசேஜை அவரவர் கொண்டுபோக வேண்டும். பீரும் மடக்கு நாற்காலியும் அப்படியே. அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்தாக வேண்டுமே.

அந்த விருந்தில் நீங்கள் அப்பாவியாக பாலித் தீவுக்குப் போய்வந்த கதையை ஆரம்பிப்பீர்கள். கடல் எப்படி இருந்தது, குரங்கு எப்படி மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது என்று சொல்லிக்கொண்டே போகும்போது கிளைவ் இடுக்கியோடு திரும்பி, “டிக்கெட் எவ்ளோ குடுத்த?” என்பார். சொல்வீர்கள். கண்ணை ஒரு நொடி மூடித் திறப்பார். “சரி விடு. போனது போச்சு” என்று உங்கள் தோளைத் தட்டுவார். நீங்கள் சாவு வீட்டிலிருந்து வந்தவர் போல அன்று முழுவதும் எல்லோரும் உங்களிடம் மெதுவாகவே பேசுவார்கள்.

போன வருடம் பிப்ரவரியில், கிளாஸ்கோவில் இருக்கும் இவர்களுடைய ஒரே மகள் மெரிடித்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஃபெர்கஸ் என்று பெயர் வைத்தார்கள். கிளைவின் மனைவி நோலீன், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையை இருபது வருடம் நடத்தியவர், அதிகம் பேசாதவர், செய்தி வந்த அன்றே வெள்ளைக் கம்பளி வாங்கிவந்து மூன்று மாதக் குழந்தை அளவுக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டார்.

“சீக்கிரம் போயிரணும், கிளைவ். தலை நிக்காம நம்ம தோள்மேல அப்படியே சாஞ்சு கிடக்கிற பருவம் ஒண்ணு இருக்கு. அது போச்சுன்னா திரும்ப வராது.”

“போலாம் போலாம். ஒம்போது லட்சம் இருக்கு. நிலாவுக்கே போலாம்.”

அடுத்த வாரமே இரண்டு இருக்கை இருந்தது. ஒரே இடத்தில் இறங்கி ஏறினால் கிளாஸ்கோ. ஆனால் எரிபொருள் கட்டணம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு டாலர். கிளைவ் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். “கொஞ்சம் பொறு, நோலீன். இதைவிட நல்ல வழி வரும்” என்றார். நோலீன் பொறுத்தார்.

ஏப்ரல் கடைசியில் குழந்தைக்குத் தலை நின்றது. கிளைவுக்கு இஸ்தான்புல்லிலிருந்து ஓஸ்லோ வரை வழி கிடைத்தது. ஜூனில் குழந்தை குப்புற விழுந்தது. கிளைவ் ஃபிஜித் தீவைக் கண்டுபிடித்தார். நோலீன் ஸ்வெட்டரைப் பிரித்து ஆறு மாத அளவுக்குப் பின்னினார், பிறகு அதையும் பிரித்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலே கிளைவின் தலை தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை நான் கால்பந்து இறுதியாட்டம் ஜெயித்த அன்றுகூட அவரிடம் பார்த்ததில்லை. நவம்பரில் பயணம். ஃபிஜியில் புறப்படுவது, அங்கிருந்து இன்னோர் ஊர், அங்கிருந்து இஸ்தான்புல், ஓஸ்லோ, கிளாஸ்கோ. அந்த இரண்டாவது ஊரின் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வெளியே தெரிந்தால் எல்லோரும் அந்த வழியில் பாய்வார்களாம், நிறுவனம் ஓட்டையை அடைத்துவிடுமாம். எரிபொருள் கட்டணம் சுத்தமாகக் கிடையாது. விமான நிலைய வரி மட்டும் ஆளுக்கு நாற்பத்தொரு டாலர்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த நோலீன் ஒரு கேள்வி கேட்டார். “ஃபிஜிக்கு எப்படிப் போறது?”

“டிக்கெட் வாங்கித்தான்.”

“காசு குடுத்தா?”

“அது வேற கணக்கு.”

“அங்க ஒரு ராத்திரி தங்கணுமே, அதுக்கு?”

“அதுவும் வேற கணக்கு.”

“அந்த ரெண்டு வேற கணக்கையும் கூட்டினா ஆயிரத்து இருநூறுக்கு மேல வருதே, கிளைவ்.”

“வேற கணக்கைக் கூட்டக் கூடாது, நோலீன். அதனாலதான் அது வேற.”

இரண்டு வாரம் கழித்து அந்த விமானங்களில் ஒன்றின் நேரத்தை மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் வருத்தப்படுவார்கள். கிளைவ் துள்ளினார். நிறுவனம் நேரத்தை மாற்றினால் நாமும் இலவசமாக நாளை மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் இன்னும் நல்ல இருக்கை கிடைக்கும் என்பது இந்த இனத்தின் வேத வாக்கு. பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளினார்.

“மார்ச்சா?” என்றார் நோலீன். “அவன் நடக்கவே ஆரம்பிச்சிருப்பான்.”

“நல்லதுதானே. நீ தூக்க வேண்டியதில்ல. உன் முதுகுக்கும் நல்லது.”

நோலீன் கையில் இருந்த துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை கிளைவ் தன் இனத்தாரைச் சந்திக்கப் போயிருந்தார். மாதம் ஒருமுறை புல்வெளிப் பந்து கிளப்பில் ஒன்பது பேர் கூடி, யார் எந்த ஊர் வழியாக எதைக் கட்டாமல் தப்பித்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்வார்கள். அவர் கார் தெருமுனை திரும்பியதும் நோலீன் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தார்.

“ஒயின் வேணுமாப்பா? பெட்டி நாப்பது டாலர்” என்றார் வேலிக்கு மேலாக.

நான் இரண்டு பெட்டி எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் நான்கு எடுத்தார், அவர் மைத்துனரைப் போனில் கூப்பிட்டார், அவர் வண்டியோடு வந்தார். தபால் கொண்டுவந்த பெண்கூட ஒன்றை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் கொட்டகையின் தரை எந்த நிறம் என்பது பல வருடங்களுக்குப் பிறகு தெரியவந்தது. பிறகு நோலீன் விமான நிறுவனத்துக்குப் போன் செய்தார். கிளைவின் உறுப்பினர் எண்ணா? எங்கள் தெருவுக்கே அது மனப்பாடம், அத்தனை முறை அதைப் போனில் உரக்கச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் பதினாறாம் தேதி, ஒரு நிறுத்தம், ஒரு இருக்கை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மாலையில் கிளைவ் காலிக் கொட்டகை நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒயின் எங்கே என்று கேட்கவில்லை. நீ மட்டும் தனியாகவா போகிறாய் என்றும் கேட்கவில்லை.

“பெட்ரோல் காசு கட்டிட்டியா?” என்றார்.

“கட்டிட்டேன்.”

“முழுசாவா?”

“அதுல பாதின்னு ஒண்ணு இல்ல, கிளைவ். இன்னும் பதினஞ்சு பெட்டி வராந்தாவுல இருக்கு. அதை வித்தா உனக்கும் சரியா இருக்கும். வாயேன், சேர்ந்தே போலாம்.”

“நம்ம வீட்ல இதுவரைக்கும் யாரும் கட்டினதில்ல” என்றார் கிளைவ். பொய் சொல்வானேன், அந்த நேரத்தில் எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வரவில்லை.

விமான நிலையத்துக்கு நோலீனை நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஸ்வெட்டரை மடியில் வைத்திருந்தார். ஒன்பது மாத அளவு. “இதுக்கு மேல பெருசாக்கக் கம்பளி இல்லப்பா” என்றார். கிளாஸ்கோவில் மூன்று மாதம் இருந்தார். தோள்மேல் சாய்கிற பருவம் போயிருந்தது, ஆனால் மடியில் ஏறி முடியைப் பிடித்து இழுக்கிற பருவம் முழுசாக அவருக்குக் கிடைத்தது. மெரிடித்தின் வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் இறங்க வரும். ஒவ்வொன்று போகும்போதும் பேரனை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டுபோய், “தாத்தா வர்றாரு பாரு, தாத்தாவுக்கு டாட்டா சொல்லு” என்று பழக்கியிருக்கிறார். புருஷனை விட்டுக்கொடுக்காத பெண்மணி.

மார்ச் மாதம் கிளைவ் தனியாகப் புறப்பட்டார். ஃபிஜி போகும் விமானம் ஒரு நாள் முழுக்கத் தாமதம்; அது தனிச் சீட்டு, அடுத்தது தனிச் சீட்டு, அடுத்தது இவருக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பெயர் சொல்லக்கூடாத ஊருக்கு இன்னொரு சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. அது வேறு கணக்கு. துணிப் பெட்டி ஓஸ்லோவிலேயே தங்கிவிட்டது. நான்காம் நாள் கிளாஸ்கோவில் மகள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

மெரிடித்தின் கணவர் அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நோலீன் வேலி ஓரமாக நின்று போனில் எனக்குக் காட்டினார். கதவு திறக்கிறது. நான்கு நாள் தாடியோடு, கசங்கிய சட்டையோடு கிளைவ். மகளைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாப்பத்தொரு டாலர், மெரிடித். மொத்தமே.”

மெரிடித் அவரைக் கட்டிக்கொள்கிறாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான், வயிறு தெரியும் அளவுக்குக் குட்டையாகிப்போன ஒரு வெள்ளை ஸ்வெட்டரில். “ஃபெர்கஸ், யாரு வந்திருக்கா பாரு. தாத்தா எங்க? தாத்தாவைக் காட்டு” என்கிறாள்.

பையன் கிளைவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். அப்போது மேலே ஒரு சத்தம். கிளைவைத் தாண்டி வாசல்படிக்கு வந்து, அண்ணாந்து, வானத்தில் போன விமானத்தை நோக்கி விரலை நீட்டினான்.

“தாத்தா” என்றான். கையை ஆட்டி டாட்டாவும் சொன்னான்.

கிளைவும் திரும்பி அண்ணாந்து பார்த்தார். விமானம் கூரைகளுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் இரண்டும் மெல்ல இறங்கியது படத்தில் நன்றாகத் தெரிந்தது. பிறகு முழங்கால் சொடுக்கக் குனிந்து, பையனின் உயரத்துக்கு வந்தார்.

“அது தாத்தா இல்லடா கண்ணா” என்றார். “அவன் பெட்ரோல் காசு வாங்கற கம்பெனி.”

நோலீன் அதை மூன்று முறை போட்டுக் காட்டினார். முதல் இரண்டு முறை சிரித்தார்.

நீங்களும் சிரியுங்கள், தாராளமாக. இப்படியும் ஒரு மனிதனா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஃபிஜிக்கு அடுத்த ஊரின் பெயரை நான் சொல்லாமல் விட்டேனே, அந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்ததா? அது எந்த ஊராக இருக்கும் என்று மனசு ஒரு சுற்றுப் போய்வந்ததா? இன்னும் அது ஒரு மூலையில் அரித்துக்கொண்டிருக்கிறதா?

அப்படியென்றால் இதை மூடிவைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். வீட்டில் யாராவது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கலாம். எத்தனையாவது தடவையாகப் பின்னுகிறார்கள் என்று கேளுங்கள்.