பெட்டியில்லாத டேப்செட்டார்

மைசூரில் அரண்மனைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் விழிக்கிற ஆள்கூட எங்கள் அக்ரஹாரம் ஏரியாவில் இருந்திருக்கலாம். டேப்செட்டார் யார் என்று கேட்டு விழிக்கிற ஆள் தொண்ணூறுகளில் அங்கே ஒருவரும் கிடையாது. மற்ற ஊர்களில் குழந்தைக்குச் சோறூட்ட நிலாவைக் காட்டுவார்கள். எங்கள் தெருவில் டேப்செட்டாரைக் காட்டினார்கள். நிலாவாவது மாதத்தில் ஒருநாள் லீவு போடும், இவர் போடமாட்டார்.

சாயங்காலம் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் குளித்து, தலையைப் படிய வாரி, வலது தோளில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். காலேஜ் பையன்கள் காதில் வயரைச் செருகிக்கொண்டு தமக்குத்தாமே தலையாட்ட ஆரம்பித்துவிட்ட காலம் அது. இவருடைய டேப்ரிக்கார்டர் அந்த வகைக்கெல்லாம் முப்பாட்டன். துபாயிலிருந்து திரும்பிய யாரோ ஒருவர் சுமந்து வந்து, வைக்க இடமில்லாமல் இவர் தலையில் கட்டிய பழைய ஜப்பான் சரக்கு. பெரிய சூட்கேஸ் அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஸ்பீக்கர். கேசட் போடுகிற கதவு எப்போதோ உடைந்துபோய், அதன் வேலையை ஒரு ரப்பர் பேண்டு பார்த்துக்கொண்டிருந்தது. ஆன்டெனா நுனியில் திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம்.

நான் அப்போது ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. எதிர்வீட்டு மாடியில் ஒற்றை அறை. சாயங்காலம் காபியோடு பேப்பரைப் பிரித்தால் சரியாக அந்த நேரத்துக்குக் கீழே தமிழ்ப் பாட்டு கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை பகலிலும் ஒரு சுற்று உண்டு, அதில் என் தூக்கம் போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் இறங்கிப் போய், பாட்டுக் கேட்க ஆசையிருந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கேட்கலாமே என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான்தான் ஏதோ விவரம் தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோல் பார்த்தார்.

"வூட்டுக்குள்ள போட்டா நான் மட்டுந்தானுங்க சார் கேக்கறேன்" என்றார்.

அத்தோடு போகவில்லை. எனக்காக அன்று முதல் என் ஜன்னலுக்குக் கீழே ஒரு நிமிஷம் நின்று, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். மாடியில் இருக்கிறவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று புரிந்துகொண்டாராம்.

மற்றபடி அவருக்கென்று ஒரு போக்குவரத்து விதி உண்டு. டியூஷன் நடக்கிற வீட்டைத் தாண்டும்போது சத்தம் பாதியாகும். கோயிலில் மங்களாரத்தி மணி அடித்தால் பூஜ்யமாகும். மாமியார் மருமகள் சண்டை நடக்கிற வீட்டு வாசலில் முழுதாக ஏறும். அக்கம்பக்கத்துக்கு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். அந்த வீட்டுக்காரர்கள் நன்றி சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர்கள்தான் பாதிக் கதை போச்சே என்று திட்டினார்கள்.

அந்தப் பெட்டி தடித்தடியான பேட்டரிக் கட்டைகளைச் சோளம்போலத் தின்னும். தீர்ந்த கட்டைகளை டேப்செட்டார் எறிவதில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வெயிலில் வைப்பார். வெயில் குடித்த கட்டைகள் இன்னும் இரண்டு பாட்டு தாங்கும் என்பது அவர் கணக்கு. அதே மாடியில்தான் அந்த வீட்டில் குடியிருந்த கமலம்மா சண்டிகெ காயப்போடுவார். நம் வடாம்தான், கன்னடத்தில் சண்டிகெ. அந்த வருஷம் பொரித்த சண்டிகெ நாக்கில் சுருக்கென்று கரண்ட் அடிப்பதாகக் கமலம்மா தெருவெல்லாம் சொன்னார். ஆனால் மழை தூறியபோது முதலில் கட்டைகளை உள்ளே எடுத்துவைத்துவிட்டு அப்புறம் சண்டிகெக்கு ஓடியதும் அவர்தான்.

ஒருமுறை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார். டேப்செட்டார் தகராறு செய்யவில்லை. லக்கேஜ் வேண்டாம், ஆள் டிக்கெட்டே கொடுங்கள் என்று வாங்கினார். வாங்கியதும் பெட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். அடுத்த ஸ்டாப்பில் ஏறிய ஒரு பெரியவர் உட்கார இடம் கேட்க, டிக்கெட் வாங்கியவரை எழுப்ப எனக்கு அதிகாரமில்லை என்று கண்டக்டரே சொல்லும்படி ஆயிற்று. கடைசியில் பெரியவர் உட்கார்ந்து, பெட்டி அவர் மடியில் உட்கார்ந்து, பஸ் பாட்டோடு போய்ச் சேர்ந்தது.

தசராவுக்கு வருவோம். யானை ஊர்வலம் பார்க்க மைசூரே காலையிலிருந்து ரோட்டோரம் இடம் பிடித்து உட்காரும். பின்வரிசைக்காரர்களுக்கு முன்வரிசைக்காரர்களின் முதுகுதான் தரிசனம். டேப்செட்டார் கூட்டத்தின் நடுவில் பெட்டியோடு போய் நிற்க, நாலு பேர் மறைக்கிறது மறைக்கிறது என்று கத்தினார்கள். அவர் ஆன்டெனாவை இழுத்து ரேடியோவைத் திருகினார். ஊர்வலத்தின் நேரடி வர்ணனை கணீரென்று வந்தது. கத்தியவர்களே நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த போலீஸ்காரர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஆனெ பந்த்தா?" என்று பெட்டியிடம் கேட்டார். யானை வந்துவிட்டதா என்று. அந்த யானை அவருக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது. டேப்செட்டாரும் பெட்டி மறைத்ததில் எதையும் பார்க்கவில்லை. மறுநாள் என்னிடம், இந்த வருஷம் யானை ரொம்ப நல்லா நடந்துச்சுங்க சார் என்றார்.

இப்படி ஊருக்கெல்லாம் வேண்டியவராக இருந்தவருக்குப் பெண் மட்டும் கிடைக்கவில்லை.

அவருக்கு அப்போது முப்பது தாண்டி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பா அம்மா போனபின் மைசூரில் அக்கா வீட்டோடு இருந்தார். தம்பிக்கு ஒரு கல்யாணம் செய்து பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று ராணியக்கா சொல்லிக்கொண்டிருந்தார். வந்த சம்பந்தமெல்லாம் பெட்டியைப் பார்த்ததும் திரும்பிப் போயிற்று. ஒரு பெண்வீட்டார், மாப்பிள்ளை சர்க்கஸ் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறாரா என்று கேட்டார்களாம். இன்னொரு இடத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பெட்டியையும் தூக்கிப் போயிருக்கிறார். எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் கூச்சம் போகட்டுமென்று ஒரு பாட்டுப் போட்டார். டேப் சிக்கிக்கொண்டது. கேசட்டைச் சுற்றப் பென்சில் வேண்டுமென்று பெண்ணிடமே கேட்டார். பென்சில் தேட உள்ளே போன பெண் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு நல்ல இடம் வந்தது. அதே ஹனூர் பக்கம். பெண் மைசூரிலேயே ஊதுபத்தி உருட்டுகிற வேலையில் இருப்பதாகத் தரகர் சொன்னார். ராணியக்கா இந்த முறை முந்திக்கொண்டார். பெட்டியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். நம்மவர்கள் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் தெருவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நாலு கடையில் விசாரிப்பார்கள் அல்லவா? ராணியக்கா அந்த நாலு கடைக்கும் முன்கூட்டியே போனார்.

"என் தம்பியைப் பத்தி யாராச்சும் கேக்க வந்தா, நல்ல பையன்னு மட்டும் சொல்லுங்க. டேப்செட்டுன்னு மூச்சு விட்றாதீங்க" என்று எல்லோரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். எனக்கும் சொன்னார். தெருவே சத்தியம் செய்து கொடுத்தது.

பெட்டியில்லாமல் டேப்செட்டார் தெருவில் இறங்கிய முதல் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வலது தோள் மட்டும் பழக்கத்தில் தூக்கியே இருந்தது. பெட்டி இருக்கிற நினைப்பில் கழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. தினமும் வாலாட்டுகிற நாய் குரைத்தது. மளிகைக் கடை பசவண்ணா நிமிர்ந்து பார்த்து, புது ஆளிடம் கேட்பதுபோல, "ஏன் பேக்கு சார்?" என்றார். என்ன வேண்டும் என்று. டேப்செட்டார் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

விசாரிக்க ஆள் வந்தது அந்த வாரத்திலேயே. வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, பெண்ணின் அப்பா. டேப்செட்டார் ஃபேக்டரியில் இருந்த நேரம். பெரியவர் பசவண்ணா கடையில் வெற்றிலை வாங்கி, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏனுங்க, இந்தத் தெருவுல பழனிச்சாமின்னு ஒருத்தரு, ஃபேக்டரி வேலைங்க, இருக்காருங்களா?"

பசவண்ணா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பாதித் தெருவுக்கு ஃபேக்டரியில்தான் வேலை. ராணியக்காவுக்கு அவர் 'தம்பி'. ஊருக்கு டேப்செட்டார். கடிதம் வந்தாலும் அக்கா புருஷன் பெயருக்குத்தான் வரும். பழனிச்சாமி என்ற பெயரை அந்தத் தெரு அன்றுவரை கேள்விப்பட்டதே இல்லை. அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லப்பா என்று பசவண்ணா சொன்னார். டீக்கடையிலும் அதையே சொன்னார்கள். மாவு மெஷின்காரர் பக்கத்துத் தெருவிலும் இல்லை என்று சேர்த்துச் சொன்னார். பூக்காரம்மா ஒருபடி மேலே போய், இந்தத் தெருவில் எனக்குத் தெரியாத ஆளே கிடையாது, யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று எச்சரித்து அனுப்பினார். இத்தனைக்கும் எல்லோரும் ராணியக்காவுக்குச் செய்த சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார்கள். டேப்செட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

இரண்டு நாளில் தரகர் வந்து வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். பொய் விலாசம் கொடுக்கிற குடும்பத்துக்குப் பெண் கொடுக்கமாட்டார்களாம். ராணியக்கா அன்று முழுவதும் பழனிச்சாமி, பழனிச்சாமி என்று சொல்லிச் சொல்லி அழுதார். அப்போதுதான் தெருவுக்கே விஷயம் புரிந்தது. பசவண்ணா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தரகரைப் பிடித்து உண்மையைச் சொல்லலாம் என்றால் அந்த ஆள் காது கொடுக்கவில்லை. அக்கா தானாகவே டிரங்குப் பெட்டியைத் திறந்து, போகட்டும் தம்பி, எடுத்துக்கோ என்றாராம். டேப்செட்டார் பெட்டியைத் தொடவில்லை. மாடிச் சுவரிலும் கட்டைகளை வைக்கவில்லை. அந்தச் சுவர் வெறுமையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தெருவில் பாட்டு இல்லை. சாயங்காலம் நான் பசவண்ணா கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் இருந்த ஊதுபத்திக் கொட்டகையிலிருந்து பெண்கள் வேலை முடிந்து வருகிற நேரம். கையெல்லாம் கரிப்பொடியோடு ஒரு பெண் வந்து சோப்பு கேட்டாள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, சாயங்காலம் டேப்செட்டோட ஒருத்தரு போவாருங்களே, காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

கொட்டகையில் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கடைசி ஒரு மணி நேர வேலையை ஓட்டுவார்களாம். பாட்டு நின்றதிலிருந்து பொழுதே போகவில்லையாம். பசவண்ணாவுக்கு மனசு கனத்திருந்தது. கல்யாணத்துக்காகப் பெட்டியைப் பூட்டிய கதையைக் கன்னடமும் தமிழுமாகக் கொட்டிவிட்டார். ஹனூரிலிருந்து பச்சைத் துண்டு போட்ட ஒரு பெரியவர் வந்ததையும், தானே வாயால் கெடுத்ததையும் சொன்னார். அந்தப் பெண் சோப்பைக் கல்லாமேல் வைத்தாள்.

"அவரு பேரு என்னங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பழனிச்சாமி என்றேன்.

அவள் கரிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்கு, கன்னமெல்லாம் கரி. "அந்தப் பச்சைத் துண்டு எங்கப்பாதானுங்க. டேப்செட்டுக்காரருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வூட்டைக் காட்டியிருப்பனுங்களே" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை டேப்செட்டார் வீடு எது என்று கேட்டார். பசவண்ணா கடையை அப்படியே போட்டுவிட்டு அழைத்துப் போனார். பூக்காரம்மா, மாவு மெஷின்காரர், கமலம்மா, நாய் எல்லாம் பின்னால் போயிற்று. இரண்டு மாதத்தில் கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் போட்டு, தெரு குழம்பிவிடக் கூடாது என்று அடைப்புக்குறிக்குள் டேப்செட்டார் என்றும் அச்சடித்தார்கள். ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிய இடைவெளியையெல்லாம் பெட்டி நிரப்பியது. கல்யாணத்துக்குப் பிறகும் சாயங்கால நடை நிற்கவில்லை. அவர் பெட்டியோடும், அவள் தலையில் பூவுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலோடும் போவார்கள்.

நான் மாற்றலாகி ஊரை விட்டு வந்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை பகலில் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை. அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே நான்தான் என்று டேப்செட்டார் எல்லோரிடமும் சொல்லி வந்தார். நீங்க பேரைச் சொல்லாட்டி விஷயம் தெரிஞ்சிருக்குமாங்க சார் என்பார். அவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்கவே இல்லை, அன்று சாயங்காலம் கடையில் எனக்கு என்ன வேலை என்று. எனக்கு வாங்க ஒன்றுமில்லை. டேப்செட்டாரைக் காணோமே என்று அந்தப் பெண் கேட்டதைத்தான் நானும் கேட்கப் போயிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.